எட்டுச் சங்கிலி

காட்டுக்குள் காலை வைப்பதற்கு முன்னால் அப்பா நின்றுவிட்டார். "ஏம்மா, இது யாரு எடம்?" என்றார்.

2012 மே மாதம். சியாட்டில் நகரத்துக்குக் கிழக்கே, கேஸ்கேட் மலைத்தொடரின் அடிவாரத்தில் எங்கள் வீடு. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த அப்பாவை, நானும் என் ஒன்பது வயது மகளும் எங்களுடைய சனிக்கிழமை அலைச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அந்த அலைச்சலுக்குப் பெயர் ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் தண்ணீர் புகாத ஒரு பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். அந்தப் பெட்டிக்கு 'கேச்' என்று பெயர். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தேடிப் போவார்கள். கிடைத்தால், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே கிடக்கும் சின்னச் சாமான் எதையாவது எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடாகவோ மேலாகவோ வேறொன்றை வைக்கவேண்டும்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவர். பட்டாவோ புறம்போக்கோ, அவர் கணக்கில் ஆளில்லாத மண் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு அவர் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. அது டைகர் மவுண்டன், மாநில அரசின் காடு. வருஷத்துக்கு 30 டாலர் கட்டி வாங்கிய டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு காரின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. "சரி, அப்ப வா" என்று நடந்தார். நான் பின்னால் போனேன். அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளாமல் முந்தின வருஷம் நான் செய்த காரியத்தை அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

இந்த விளையாட்டு தொடங்கியதே எங்கள் பக்கத்து மாநிலத்தில்தான். 2000 மே மாதத் தொடக்கம் வரை, ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துதான் பொதுமக்களுக்குக் கொடுத்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர்வரை வித்தியாசம் இருக்கும். ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழையை எடுத்துவிட்டதும், அதே கருவி பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கியது. அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். புத்தகம், வீடியோ, கவண் இவற்றோடு ஒரு டப்பா பீன்ஸும் உள்ளே இருந்தது. வாளியைப் பாதி மண்ணில் புதைத்திருந்தார். இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தச் செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்ற சியாட்டில்காரர் இதற்கென்று ஒரு தளம் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 பெட்டிகள். இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல்.

அந்த முதல் வாளியை இன்றைய விதிகளின்படி யாரும் வைக்க முடியாது. பொதுவாகப் புதைக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் புதைத்தால் தேடிவருகிற பத்துப் பேர் மண்வெட்டியோடு வருவார்கள், பெட்டி இல்லாத இடத்தையும் சேர்த்துக் கிளறுவார்கள். உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்பதும் விதி. எங்கள் பக்கத்துக் காட்டில் கரடி உண்டு, ராக்கூனும் உண்டு. வாசனை மிட்டாய் ஒன்று உள்ளே இருந்தால் போதும், பிளாஸ்டிக் மூடியைப் பல்லால் கிழித்துவிடும். ஒரு தடவை அப்படிக் கிழிந்த பெட்டியைப் பார்த்தேன். மூடியில் நான்கு துளைகள். உள்ளே நோட்டு நனைந்து ஊறி, இட்லி மாவு மாதிரி பொங்கி இருந்தது. யாரோ ஒரு குழந்தை வைத்த ஸ்ட்ராபெரி வாசனை லிப் பாம் பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது. அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லாமல்தான், முதல் வருஷம் என் மகள் ஒரு பெட்டியில் சாக்லேட் வைத்துவிட்டு வந்தாள்.

நாங்கள் தொடங்கியது 2009இல். மகளுக்கு அப்போது ஆறு வயது. நடக்கச் சொன்னால் கால் வலிக்கும். பெட்டி தேடப் போகலாம் என்றால் மூன்று மைல் நடப்பாள். மஞ்சள் நிறத்தில் ஒரு கார்மின் ஈட்ரெக்ஸ் வாங்கினேன். அதன் அம்புக்குறியை அவள் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் அம்பைப் பார்க்கும் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். இந்த விளையாட்டில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கருவியைப் பார்த்தபடி நடந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அம்பு நேர்கோட்டைக் காட்டும். நடுவே ஓடை இருக்கிறதா, சரிவு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். நிற்கும்போது கருவி, நடக்கும்போது தரை. முப்பது அடிக்குள் வந்துவிட்டால் கருவியைப் பையில் போட்டுவிடவேண்டும். அதற்கப்புறம் கண்தான்.

கண் என்றால் அப்பாவின் கண். அன்றைக்கு டைகர் மவுண்டனில் நாங்கள் இருவரும் ஒரு பெரிய சீடர் மரத்தின் வேரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அப்பா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அந்தக் கல்லு தானா அப்பிடி உக்காராது" என்றார். விழுந்த மரம் ஒன்றின் அடியில் மூன்று கற்கள். மேல் கல்லில் பாசி இல்லை. பாசி இருந்த பக்கம் கீழே கவிழ்ந்திருந்தது. சர்வே கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தி வைப்பவர்களைக் காலமெல்லாம் பார்த்தவர் அல்லவா, கல் நகர்ந்ததா என்பதை அதன் நிறத்தில் படித்துவிடுவார். மகள் ஓடிப் போய்க் கையை விடப் பார்த்தாள். "குச்சி!" என்று அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கைக்கு முன்னால் குச்சி. இதை நான் கற்றுக்கொண்டது 2010 ஆகஸ்டில். எங்கள் பக்கத்தில் மஞ்சள் குளவி மண்ணுக்குள்ளும் மக்கிய கட்டைக்குள்ளும் கூடு கட்டும். கோடைக் கடைசியில் கூடு பெருத்து, அதற்குக் கோபமும் பெருத்திருக்கும். ஒரு கட்டையின் பொந்தில் நேராகக் கையை விட்டேன். ஐந்து இடத்தில் கொட்டியது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் கருவியைப் போட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலைக் குளிரில் போய் எடுத்து வந்தேன். எனக்கு வீக்கத்தோடு போயிற்று. குளவிக்கொட்டு ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அந்த இடத்தில் செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

அதன் பிறகு பை மாறியது. சியாட்டிலின் பழைய மலையேறும் சங்கமான மவுண்டனியர்ஸ் பல பத்தாண்டுகளாகப் 'பத்து அவசியங்கள்' என்று ஒரு பட்டியலைச் சொல்லித் தருகிறது. வரைபடம், விளக்கு, மாற்றுடை, தீப்பெட்டி, முதலுதவி என்று போகும். அரை மணி நேரத்தில் திரும்பிவிடப் போகிற பெட்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் எங்கள் ஊரில் நாலு மணி இருபது நிமிஷத்துக்குச் சூரியன் மறைந்துவிடும். சீடரும் ஃபர் மரமும் அடர்ந்த காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டு. பத்து டிகிரிக் குளிரில் மழை, நனைந்த பருத்திச் சட்டை, ஒரு சுளுக்கிய கால், இவை சேர்ந்தால் போதும், அரை மணி நேரம் ராத்திரியாகிவிடும். எந்தக் காட்டுக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதி வைத்துவிட்டுப் போவது அப்போது தொடங்கிய பழக்கம். இன்றுவரை விட்டதில்லை.

காட்டைவிட எனக்குப் பயம் தந்த இடம் ஒரு கார் நிறுத்துமிடம். ஊர் பெயர் வேண்டாம். நகர்ப்புறத்தில் விளக்குக் கம்பத்தின் அடியில், போல்ட்டுகளை மூடியிருக்கும் இரும்புப் பாவாடையைத் தூக்கினால் உள்ளே குப்பி வைத்திருப்பார்கள். மிகச் சுலபமான, மிகப் பரவலான மறைவிடம். 2010 ஜனவரியில் ஒரு மாலை, கடை மூடும் நேரம், மகள் காருக்குள் இருக்க, நான் கறுப்பு ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் குந்தியிருந்தேன். போலீஸ் வண்டி வந்து என் காருக்குப் பின்னால் குறுக்கே நின்றது. டார்ச் என் முகத்தில். எழுந்தேன். கையில் படச்சுருள் டப்பா. கையைப் பையில் விடாமல் விரித்து வைத்துக்கொண்டு, என்ன செய்கிறேன் என்பதை உள்ளது உள்ளபடி சொன்னேன். டப்பாவைத் திறந்து காகிதச் சுருளைக் காட்டினேன். இருபது நிமிஷம் கேள்விகள். அப்புறம் விட்டுவிட்டார்கள். காருக்குள் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

இந்த ஆட்டத்தில் விஷயம் தெரியாத வெளியாளுக்கு, ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்து, 'மகிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகிள் கண்ணில் படாமல் எடுக்கவேண்டும் என்பது ஆட்டத்தின் ருசிகளில் ஒன்று. அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு அந்த ருசி போய்விட்டது. ஒளிந்து ஒளிந்து எதையோ செய்கிற ஒரு பழுப்பு நிற ஆள் அந்த ஊரில் மற்றவர் கண்ணுக்கு யாராகத் தெரிவார் என்பது எனக்குத் தெரியும். அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது வேறு பேச்சு. ஆனால் பார்க்கிறவருக்குப் பயம் வந்தால் அந்தப் பயம் நிஜம். 2011 கோடையில் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறிய ஊரில், கடைத்தெருவில் இருந்த ஒரு கேச்சைச் சந்தேகப்பட்டு யாரோ சொல்லப்போய், தெருவையே மூடி, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அதைத் தகர்த்தது. உள்ளே இருந்தது நோட்டுதான். அதனால்தான் பள்ளிக்கூடம், பாலம், அரசுக் கட்டடம், ரயில் பாதை ஓரங்களில் வைக்கவேண்டாம் என்கிறார்கள். உள்ளிருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக இருக்கட்டும், இன்ன விளையாட்டின் பெட்டி என்று மேலே எழுதி ஒட்டுங்கள், இருபுறமும் மூடிய பிவிசி குழாய் மட்டும் கூடவே கூடாது என்கிறார்கள். நான் அதற்குமேல் ஒன்று வைத்துக்கொண்டேன். விளையாட்டுத் திடலில் குழந்தைகள் இருந்தால், இருட்டிவிட்டால், யாராவது இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்தால், பெட்டி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவேன். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். இரண்டு பேர் கூடவே வந்து தேடியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தேடுகிறவளாக நான் கற்றது. வைக்கிறவளாக நான் செய்த தப்பு இதைவிடப் பெரிது.

2011 ஆகஸ்டில் எனக்கும் சொந்தமாக ஒரு பெட்டி வைக்கவேண்டும் என்று ஆசை வந்தது. நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற நல்ல டப்பா, உள்ளே ரப்பர் வளையம். நோட்டு, பென்சில், கொலு பொம்மைக் கடையில் வாங்கிய பத்துக் குட்டி யானைகள். முதலில் தேர்ந்த இடத்தை ரிவ்யூவர் ஏற்கவில்லை. புதிய கேச் ஒவ்வொன்றையும் அந்தந்தப் பகுதிக்கான தன்னார்வலர் ஒருவர் பார்த்துத்தான் வெளியிடுவார். நான் சொன்ன இடத்திலிருந்து 140 மீட்டரில் வேறொரு பெட்டி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே குறைந்தது 161 மீட்டர் வேண்டும் என்று பணிவாக எழுதியிருந்தார். எனக்குக் கோபம். இருபது மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

அந்த அவசரத்தில் வேறு இடம் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், வீடுகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம். சீடர் மரங்கள், முழங்கால் உயரத்துக்குப் பெரணி, கீழே வற்றிய ஓடை. வேலி இல்லை, பலகை இல்லை. பொது இடம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இடத்துக்கான அனுமதி இருக்கிறதா என்று படிவம் கேட்டது. கட்டத்தில் டிக் போட்டேன். ஒவ்வொரு கேச்சுக்கும் தேடும் சிரமம், பாதைச் சிரமம் என்று இரண்டு எண்கள் தரவேண்டும், ஒன்றிலிருந்து ஐந்து வரை. பாதைக்கு ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். ஐந்து என்றால் கயிறோ படகோ வேண்டும். நான் ஒன்றரை போட்டேன். ஆகஸ்ட் மாதத்து மண்ணைப் பார்த்து நவம்பர் மாதத்துக் காலுக்கு எண் கொடுத்தேன்.

நவம்பரில் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி அந்த எண்ணை நம்பி வந்திருக்கிறார். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அதனால் ஒன்று, ஒன்றரை போட்ட பெட்டிகளை மட்டுமே தேடுகிறவர். ஈர இலைமேல் கால் வழுக்கிப் பள்ளத்துக்குள் பத்தடி சறுக்கி, மணிக்கட்டு முறிந்துவிட்டது. பள்ளத்தில் போன் எடுக்கவில்லை. ஒரு கையை ஊன்றித் தானாகவே மேலே ஏறி வந்திருக்கிறார். கேச்சின் இணையப் பக்கத்தில் அவர் எழுதிய குறிப்பு மூன்றே வரி. பெட்டி கிடைக்கவில்லை, சரிவு வழுக்குகிறது, உரிமையாளர் தயவுசெய்து எண்ணை மாற்றவும். கை முறிந்ததை அதில் சொல்லவில்லை. நான் தனியாக எழுதி விசாரித்தபோதுதான் சொன்னார். திட்டி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே டார்ச்சோடு பெட்டியை எடுக்கப் போனேன். வைத்த பிறகு நான் ஒரு தடவைகூட அங்கே போயிருக்கவில்லை. மூன்று மாதத்தில் பாதையிலிருந்து பள்ளம் வரை கால் தடம் விழுந்து ஒரு புதுப் பாதையே உண்டாகியிருந்தது. பெரணிகள் மிதிபட்டுப் பழுப்பாகிச் சேற்றில் அப்பிக் கிடந்தன. அடர்ந்த ஊசியிலை மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் சமிக்ஞை சிதறும். ஒரே தடவை அளந்து நான் கொடுத்த எண்கள் பன்னிரண்டு மீட்டர் தள்ளியிருந்தன. வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பன்னிரண்டு மீட்டர் வட்டம் முழுக்க மிதித்துத் தேடியிருக்கிறார்கள். அந்த வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதமும் வந்தது. அந்தப் பள்ளம் அவர்களுடையது. மழைநீர் வடிவதற்காக ஒதுக்கி, கரை சரியாமல் இருக்கச் செடி வளர்த்து வைத்திருந்தார்கள். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னது டைகர் மவுண்டனிலிருந்து திரும்பும் வழியில். கேட்டுக்கொண்டே வந்தார். "அந்த அம்மா கை இப்ப எப்பிடி இருக்கு?" என்றார் முதலில். சரியாகிவிட்டது என்றேன். கொஞ்ச தூரம் போனபின், "ரெண்டு பொட்டிக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு சொன்ன?" என்று கேட்டார்.

"161 மீட்டர். இங்கே அடிக்கணக்கில் 528 அடி. மைலில் பத்தில் ஒரு பங்கு."

உதடு அசையக் கணக்குப் போட்டார். "எட்டுச் சங்கிலி!" என்றார். முகமே மாறிவிட்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலம் அளந்தது கன்ட்டர் சங்கிலியில். அறுபத்தாறு அடி, நூறு லிங்க்ஸ். எண்பது சங்கிலி ஒரு மைல். மைலில் பத்தில் ஒன்று என்றால் மிச்சம் மீதி இல்லாமல் எட்டுச் சங்கிலி. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியாமல், ஒரு பெட்டியைத் தேடுகிறவர் இன்னொன்றை எடுத்துக் குழம்பாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. எனக்கு இருபது மீட்டர் விஷயமாகவே தெரியவில்லை. அப்பாவோ இருபது லிங்க்ஸுக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டதைப் பார்த்தவர். "அளவுன்னா அளவுதாம்மா. அதுல நம்ம சௌகரியம் பாக்கக் கூடாது" என்றார்.

அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு பெட்டி வைப்பது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை முதலில் பூங்கா அலுவலகத்துக்குப் போனோம். வரைபடத்தை விரித்து, எந்த இடம், எந்த அளவு டப்பா, யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. பறவைகள் கூடு கட்டும் ஒரு பக்கத்தை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். எல்லா இடத்திலும் இப்படிக் கிடைக்காது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் பொதுவாகப் பெட்டியே வைக்க விடமாட்டார்கள். எங்கள் ரெய்னியர் மலைக்குப் போனால், பெட்டி இல்லாத எர்த்கேச்தான். பாறையையும் பனியாற்றையும் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

இடத்தை அப்பா வெயிலில் பார்க்கச் சம்மதிக்கவில்லை. "மழை பெய்யறப்ப வந்து பாக்கணும்" என்றார். எங்கள் ஊரில் ஜூன் மாதத்தையே ஜனவரியோடு சேர்த்து ஜூன்யுவரி என்பார்கள். மழைக்குக் குறைவில்லை. மழைக்கோட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று நாள் வந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கால் எங்கே வழுக்குகிறது என்று பார்த்தார். ஒரு இடத்தில் குனிந்து இலையைப் பார்த்துவிட்டு, "இது நம்மூரு காஞ்சொறி மாதிரில்ல இருக்கு" என்றார். நெட்டில் செடி. பட்டால் அன்று முழுக்க எரியும். அந்த இடம் வேண்டாம் என்று தள்ளிப் போனோம். கடைசியில் தேர்ந்தது, நடைபாதையிலிருந்து நாலே எட்டு. அங்கே ஏற்கெனவே கல் பரப்பியிருந்தது. மிதித்தாலும் எதுவும் சாகாது. பழைய அடிமரத்தின் முதுகுப் பக்கம், மண்ணைத் தோண்டாமல், மரத்தில் ஆணி அடிக்காமல், இருக்கிற குழிவிலேயே டப்பா உட்கார்ந்தது. மேலே ஒரு பட்டைத் துண்டு.

எண்களை வெவ்வேறு நாளில் ஐந்து தடவை எடுத்துச் சராசரி போட்டோம். பக்கத்துப் பெட்டியிலிருந்து தூரத்தைக் கருவி 190 மீட்டர் என்றது. அப்பா அதோடு விடவில்லை. காலடி அளந்து நடந்தார். பேத்தி கூடவே எண்ணிக்கொண்டு நடந்தாள். "ஒம்பது சங்கிலிக்கு மேல" என்று அவர் திருப்தியாகச் சொன்ன பிறகுதான் படிவத்தை அனுப்பினேன். அனுமதிக் கட்டத்தில் டிக் போடும்போது என் விரல் தயங்கவில்லை. பாதைச் சிரமத்துக்கு இரண்டு போட்டேன். மழைக்காலத்தில் செருப்போடு வரவேண்டாம் என்று கீழே ஒரு வரி.

நோட்டின் முதல் பக்கத்தில் அப்பாவை எழுதச் சொன்னோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, தேதி போட்டு, 'பெட்டி இடத்தில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கல்லை ஆய்வு செய்துவிட்டு எழுதுவதுபோலவே. "வச்சா மட்டும் போதாதும்மா. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போயிப் பாக்கணும். நட்டுட்டு மறந்த கல்லாலதான் பாதி வம்பு" என்றார். விதியும் அதைத்தான் சொல்கிறது. வைத்தவர்தான் பராமரிக்கவேண்டும். அதனால்தான் சுற்றுலா போன ஊரில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட முடியாது.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். 2017இல் அவளும் நானும் ஸ்னோக்வால்மி மலைச் சுரங்கத்தை நடந்து கடந்து, அதற்கப்பால் இருக்கும் புகழ்பெற்ற கேச்சுக்குப் போனோம். பழைய ரயில் சுரங்கம் அது, இரண்டேகால் மைலுக்கு மேல் கும்மிருட்டு, கோடையிலும் பல் கிட்டும் குளிர். 2001இல் ஒரு திரைப்படத்துக்காக வைத்த பெட்டி, 2011இல் திருடுபோய், 2016இல் மீட்கப்பட்டுத் திரும்ப வந்தது. ஆளுக்கு இரண்டு விளக்கு எடுத்துக்கொண்டோமா என்று காரிலிருந்து இறங்கியதும் அவள்தான் என்னைக் கேட்டாள்.

போன நவம்பரில் எங்கள் பெட்டியைப் பார்க்கப் போனேன். நல்ல மழை. வழியில் கிடந்த காபிக் கோப்பைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த ஆட்டக்காரர்களின் பழக்கம் அது. பட்டைத் துண்டு நழுவியிருந்தது. டப்பாவின் ஒரு கொக்கி சரியாக மாட்டாமல் இருந்ததில் நோட்டின் ஓரம் ஈரம் கோத்திருந்தது. நாலாவது நோட்டு அது. நிறைந்து போகிற நோட்டுகளை வீட்டில் வைத்திருக்கிறேன், அப்பாவின் முதல் பக்கத்தோடு. ரப்பர் வளையத்தைத் துடைத்து, புது நோட்டு வைத்து, தேதி போட்டு எழுதினேன். கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அப்பாவுக்கு இப்போது காது கேட்பது குறைவு. சத்தமாகச் சொன்னேன்.

"இடத்துல இருக்கா?"

"இருக்குப்பா."

"நாலு கொக்கியும் மாட்டுனியா?"

மாட்டிய ஞாபகம் இருந்தது. ஆனாலும் மூன்றாவது கொக்கியின் சத்தம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. மழைக்கோட்டின் தொப்பியை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடியே திரும்பப் போனேன்.